தடைகள் உடையுமா? தாங்கும் பலம் கிடைக்குமா?

மதுரை மக்களின் கவலைகள் என்னென்ன என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களைப் பார்த்தால் போதும். தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் போகிறவர்கள் வந்து நிற்கிற இடம் அது. மூட்டுவலிக்கு மருந்து, உடனடிக் கடன், வெளிநாட்டு வேலை, ஜாதகப் பரிகாரம்... எல்லாவற்றுக்கும் அங்கே சுவரொட்டி உண்டு. அவற்றின் நடுவே, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய இன்னொரு வகைச் சுவரொட்டியும் இருக்கும். தடைகள் உடையும், கடன் தீரும், நோய் நீங்கும், தேர்வில் வெற்றி கிடைக்கும் என்று அழைக்கிற ஜெபக்கூட்டச் சுவரொட்டி. மார்ச் மாதம் வந்தால் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லும் கூட்டங்களும் நடக்கும்.

ஜெபம் செய்வதில் தவறு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை கடவுளிடம் வேண்டிக்கொள்வது இயற்கை. கஷ்டத்தில் இருப்பவன் வேறு யாரிடம் போவான்? தவறு அந்தச் சுவரொட்டியின் ஒரே ஒரு சொல்லில்தான் இருக்கிறது. "உடையும்" என்ற உறுதிமொழி! விசுவாசம் இருந்தால் தடை விலகியே தீரும் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை அன்று. கிறிஸ்தவப் பெயரில் விற்கப்படும் ஒரு வியாபார உத்தரவாதம் அது. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு கடந்துபோக முடியாது. ஏனென்றால் அதனால் காயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எப்படி என்று கேட்கலாம். பரீட்சையில் தேறிய மாணவன் மேடையேறிச் சாட்சி சொல்கிறான். கைதட்டல் கிடைக்கிறது. அதே கூட்டத்தில், அதே பேனாவை நீட்டி, அதே கண்ணீரோடு ஜெபித்து, இரண்டு பாடங்களில் தோற்றுப்போன மாணவன் எங்கே? அவனை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறான். சுகமான நோயாளியின் கதை ஊரெல்லாம் பரவுகிறது. சுகமாகாமல் இறந்தவரின் குடும்பத்திடம் போய்ச் சாட்சி கேட்பவர் யாரும் இல்லை. இப்படி ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும். லாட்டரிச் சீட்டு விற்றவர்களும் பரிசு விழுந்தவரின் புகைப்படத்தைத்தான் கடையில் மாட்டினார்கள். விழாதவர்களின் படத்தை மாட்டவில்லை.

இதைவிடக் கொடுமை அடுத்து வருவது. தடை உடையவில்லை என்றால் என்ன சொல்கிறார்கள்? "உனக்கு விசுவாசம் போதவில்லை", "வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது", "தலைமுறைச் சாபம்". ஏற்கெனவே தோல்வியைச் சுமக்கிறவன் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றி வைக்கிறார்கள். அடிபட்டு விழுந்தவனைத் தூக்கிவிடாமல், ஏன் விழுந்தாய் என்று கன்னத்தில் அறைவது போன்றது இது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதைத்தான். பிள்ளைகளையும் செல்வத்தையும் ஆரோக்கியத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் வந்து, நீ ஏதோ தப்பு செய்திருப்பாய் என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். அந்தப் புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவின் மேல் இல்லை, அந்த நண்பர்களின் மேல்! வேதத்தைக் கையில் வைத்திருக்கிற பலர் அந்தக் கடைசி அதிகாரம் வரைக்கும் வாசிப்பதில்லை போலும்.

வேதத்தை முழுதாக வாசித்தால் இந்த உத்தரவாதத்துக்கு அங்கே இடமே இல்லை. பவுல் தன் உடலில் ஒரு முள் இருப்பதாக எழுதுகிறார். அதை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். எடுக்கப்படவில்லை. தாங்குவதற்கான பலம்தான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை விசுவாசத்தின் அதிகாரம் என்பார்கள். அதில் முதலில் சிங்கத்தின் வாயை அடைத்தவர்களும் நெருப்பை வென்றவர்களும் வருகிறார்கள். கூட்டங்களில் அதுவரைக்கும்தான் வாசிக்கிறார்கள். அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் கல்லெறியப்பட்டவர்களும், வாளால் அறுக்கப்பட்டவர்களும், குகைகளில் ஒளிந்து திரிந்தவர்களும் வருகிறார்கள். இரண்டு கூட்டத்தாரையும் ஒரே விசுவாசத்தின் பெயரால்தான் அந்த நிருபம் பாராட்டுகிறது. இவ்வளவு ஏன்? கெத்செமனே தோட்டத்தில் இயேசு கிறிஸ்துவே அந்தப் பாத்திரம் தன்னை விட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். நீங்கவில்லையே!

சரி, இதெல்லாம் பழைய காலத்துப் பாலஸ்தீனக் கதை, மதுரைக்கு என்ன என்று கேட்டால், மதுரையிலேயே பதில் இருக்கிறது. ஆரப்பாளையத்துக்கு அடுத்தாற்போல் ஞானஒளிவுபுரம். அங்கே பிரிட்டோ மேல்நிலைப் பள்ளி. அந்தப் பெயருக்கு உரியவரையும், அவருக்கு முன்னால் அதே மதுரை மிஷனைத் தொடங்கியவரையும் தெரிந்துகொண்டால் சுவரொட்டியின் உறுதிமொழி தானாக உதிர்ந்துவிடும்.

முதலில் தொடங்கியவர். ராபர்ட் தெ நோபிலி, 1577ல் பிறந்த இத்தாலியப் பிரபுக் குடும்பத்து மகன். இயேசு சபைத் துறவியாகி 1605ல் கோவா வந்து, 1606ல் மதுரை சேர்ந்தார். அப்போது நாயக்கர் ஆட்சி. அவருக்கு முன்பே மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்த போர்த்துக்கீசியத் துறவி ஒருவர் இருந்தார். ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் உழைத்தும் ஊர்க்காரர் ஒருவரைக்கூட அவரால் கிறிஸ்தவராக்க முடியவில்லை. காரணம், கிறிஸ்தவர் ஆவது என்றால் "பறங்கி" ஆவது என்று மக்கள் நினைத்தார்கள். நோபிலி வேறு வழியில் போனார். காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். கேட்க ஆட்கள் வந்தார்கள்.

இங்கேதான் யாரும் எதிர்பாராத தடை வந்தது. அரண்மனையிலிருந்தும் கோயிலிலிருந்தும் எதிர்ப்பு வந்திருந்தால் அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பெரிய அடி விழுந்தது சொந்த வீட்டிலிருந்து! உடன் இருந்த பெர்னாண்டஸே 1610ல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நோபிலி கிறிஸ்தவத்தையே விட்டுக்கொடுத்து விட்டார், பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அனுமதிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு கோவாவுக்குப் போனது, ரோமாபுரிக்கும் போனது. 1619ல் கோவாவில் கூடிய மாநாட்டில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிராக நின்றார்கள். முடிவு வந்தது 1623 ஜனவரியில். போப் பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறைக்கு அனுமதி கொடுத்தார். புகாருக்கும் தீர்ப்புக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்!

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாளைக்கு அவரை ஆரப்பாளையத்துச் சுவரொட்டிக்காரரிடம் அழைத்து வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "தடை உடையவில்லையா? அப்படியானால் உம்மில்தான் ஏதோ குறை" என்றுதானே? நோபிலி அப்படி நினைக்கவில்லை. கோபித்துக்கொண்டு சபையை விட்டு வெளியேறவுமில்லை, வாயை மூடிக்கொண்டு தன் கருத்தை விட்டுவிடவுமில்லை. குற்றச்சாட்டுகளுக்கு விரிவாகப் பதில் எழுதினார். கூப்பிட்ட இடத்துக்குப் போய் விளக்கம் சொன்னார். தன் பணியைப் படிப்பாலும் எழுத்தாலும் உறுதிப்படுத்தினார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் போன்ற நூல்களை எழுதிய அவரைத் தமிழ் உரைநடையின் முன்னோடிகளில் ஒருவராக இன்றும் சொல்கிறார்கள்.

அனுமதி வந்த பிறகாவது வாழ்க்கை சுகமானதா? அதுவும் இல்லை. 1640ல் மதுரையிலேயே சிறைக்குப் போனார். முதுமையில் பார்வை மங்கி, மதுரையை விட்டே போக வேண்டியதாயிற்று. 1656ல் மயிலாப்பூரில் இறந்தார். ஒரு தடை போனால் இன்னொரு தடை. கடைசிவரை அப்படித்தான். விசுவாசம் அவருக்குச் செய்தது தடையை உடைப்பது இல்லை. தடைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுத்தது.

அடுத்தவர், பள்ளிக்குப் பெயர் தந்த ஜான் தெ பிரிட்டோ. அருளானந்தர் என்றால் மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை மக்களுக்கு உடனே தெரியும். 1647ல் லிஸ்பனில் பிறந்தவர். சிறுவயதில் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர். 1673ல் இந்தியா வந்து மதுரை மிஷனில் சேர்ந்தார். 1686ல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கடுமையான சித்திரவதைக்கு ஆளானார். கடைசியில் சேதுபதி, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்ற உத்தரவோடு விடுதலை செய்தார். பிறகு மிஷன் வேலையாக போர்த்துக்கல் அனுப்பப்பட்டார். அங்கே சிறுவயதுத் தோழன் பெத்ரோவே இப்போது மன்னர். ஊரிலேயே இருந்துவிடச் சொன்னார்கள். நல்ல பதவி, பாதுகாப்பு, மரியாதை எல்லாம் கிடைத்திருக்கும். இன்றைய சுவரொட்டியின் மொழியில் சொன்னால் அதுதான் "ஆசீர்வாதம்". அருளானந்தர் அந்த ஆசீர்வாதத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறித் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

யோசித்துப் பாருங்கள். தடை விலகிய நாளில்தான் அவர் லிஸ்பனில் இருந்தார். தடை இருக்கும் இடத்துக்குத் தானாகவே திரும்பி வந்தார். தடையற்ற வாழ்க்கைதான் விசுவாசத்தின் பலன் என்றால் அருளானந்தர் தோற்றவர். அவர் பெயரில் பள்ளி எதற்கு? ஓரியூருக்கு மக்கள் போவது எதற்கு? அந்தப் பள்ளிச் சுவரையும் பேருந்து நிலையச் சுவரையும் ஒரே மதத்தின் பெயரில் நிற்க விடுவது எப்படி?

அவர்கள் துறவிகள், சாதாரண மனிதர்களோடு ஒப்பிடலாமா என்று ஒரு கேள்வி எழும். நோயும் விபத்தும் வீட்டுக்குள் வரும்போது என்ன செய்வது? அதற்கும் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மேரி வர்கீஸ். 1925ல் கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவர் ஆனவர். 1954ல் நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் காயம், முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இருபத்தெட்டு வயதில், தொழிலில் காலெடுத்து வைக்கிற நேரத்தில்! அவருக்காக ஜெபித்தவர்கள் குறைவாகவா இருந்திருப்பார்கள்? ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை முழுவதும் சுற்றி இருந்தது. ஆனாலும் கால்கள் திரும்பவில்லை.

நடந்தது வேறு. தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இது என்று மேரிக்கு ஊக்கம் கொடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ல் முதுகெலும்பு அடிபட்டவர்களும் கால் கை இழந்தவர்களும் மீண்டும் வாழக் கற்றுக்கொள்ளும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. 1972ல் பத்மஸ்ரீ. 1986ல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவே இல்லை. அந்த நிலையத்தில் மறுவாழ்வு பெற்றவர்களைக் கேட்டால் எது அற்புதம் என்று சொல்வார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேரிக்கு விசுவாசத்தோடு சேர்ந்து வேறு சிலவும் கிடைத்தன. மருத்துவம் கிடைத்தது, பயிற்சி கிடைத்தது, "உன்னால் முடியும்" என்று சொல்லி வேலையைக் கையில் கொடுக்கிற ஒரு மனிதர் கிடைத்தார். விசுவாசம் ஒருவர் நெஞ்சுக்குள் மட்டும் நடக்கும் மாயம் இல்லை. சுற்றி இருக்கிறவர்கள் தோள் கொடுக்கும்போதுதான் அது நிற்கிறது. சுவரொட்டிக் கூட்டங்களில் காணாமல் போவது இந்தத் தோள்தான். ஜெபித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலையில் கடன்காரன் கதவைத் தட்டும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சிலர் இதை மறுப்பார்கள். "ஏழை மக்களுக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை அதுதான், அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்பார்கள். பிடுங்குவது யார்? நாளைக்கே விடிந்துவிடும் என்று சொல்லி, விடியாதபோது பழியை அவன்மேல் போடுகிறவர்தான் நம்பிக்கையைப் பிடுங்குகிறார். இரவு நீளமானதாக இருக்கலாம், ஆனால் நீ தனியாக இல்லை என்று சொல்கிறவர் நம்பிக்கையைக் கொடுக்கிறார். முதலாவது நம்பிக்கை ஒரே ஒரு தேர்வு முடிவு வரை தாங்கும். இரண்டாவது ஒரு வாழ்நாள் தாங்கும்.

"அப்படியானால் அற்புதமே நடக்காது என்கிறீர்களா?" என்றும் கேட்பார்கள். கேள்வி அதுவன்று. அற்புதம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கடவுளை நம்புகிறவர் அதைக் கடவுளிடமே விட்டுவிட வேண்டும். தேதியும் இடமும் மைதானமும் அச்சடித்து, இன்ன நாளில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் என்று அறிவிக்க மனிதனுக்கு என்ன உரிமை?

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமானது. "பொறுத்துக்கொள், தாங்கிக்கொள் என்று சொல்லியே ஏழைகளையும் தாழ்த்தப்பட்டவர்களையும் அடக்கி வைத்தார்களே, அதையே திரும்பச் சொல்லலாமா?" என்ற கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். நோபிலியின் கதையிலும் அந்தக் கறை இருக்கிறது. பறங்கி என்ற சுவரைத் தாண்ட முயன்றவர் சாதி என்ற சுவரை அப்படியே விட்டுவிட்டார். உயர்சாதியாருக்கு ஒரு துறவி, மற்றவர்களுக்கு வேறு துறவி என்று மிஷன் பிரிந்தது. அதன் விளைவைத் தமிழ்நாட்டுத் திருச்சபை இன்னும் சுமக்கிறது. ஒரே ஆண்டவரை வணங்குகிறவர்களுக்குச் சில ஊர்களில் தனித்தனிக் கல்லறை! 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. 1956ல் சீக்கியர்களுக்கும் 1990ல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. இவர்களுக்குத் திறக்கவில்லை.

ஆகவே தடைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விபத்து, நோய், மரணம் போல யார் கையிலும் இல்லாத தடைகள் ஒரு வகை. அவற்றைத் தாங்க விசுவாசம் பலம் தருகிறது. மனிதர்களே கட்டி வைத்த தடைகள் இன்னொரு வகை. அவற்றை மனிதர்கள்தான் இடிக்க வேண்டும். அதற்கும் விசுவாசம் பலம் தருகிறது, ஆனால் அது கேள்வி கேட்கிற பலம், மனு எழுதுகிற பலம், தெருவுக்கு வருகிற பலம். விடாமுயற்சி என்பதற்குள் இரண்டும் அடங்கும். சாதிச் சுவரைப் பார்த்து "ஜெபித்தால் உடையும்" என்று சொல்வதும் ஏமாற்றுத்தான். "பொறுத்துக்கொள்" என்று சொல்வதும் ஏமாற்றுத்தான்.

பாளையங்கோட்டைக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894ல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை வெளியிட்டார். ஜான் பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பிரயாணத்தைத் தழுவியது அது. பன்யன் யார்? அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக இங்கிலாந்தில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அந்தக் கதையில் வரும் பயணிக்கு வழியெல்லாம் சேறு, மலை, இருட்டுப் பள்ளத்தாக்கு, அரக்கன் கோட்டை. ஒன்றுகூட வழியிலிருந்து அகற்றப்படவில்லை. ஒவ்வொன்றையும் அவன் நடந்தே கடக்கிறான். துணைக்கு ஒருவர் வருகிறார், அவ்வளவுதான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்த கதை இது. இதை வாசித்த சமூகம் குறுக்குவழிச் சுவரொட்டிக்கு மயங்கலாமா?

திருச்சபைகள் செய்யக்கூடியது ஒன்றும் பெரிய காரியமில்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் தோற்றவனையும் மேடைக்கு அழைக்கட்டும். "நான் ஜெபித்தேன், கிடைக்கவில்லை, ஆனாலும் இங்கே இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு உயிர் வரும். பேனாவுக்கு ஜெபிக்கிற கைகள், தேர்வில் தவறிய பிள்ளைக்கு மறுதேர்வு வரை மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தரட்டும். சுகவீனருக்காக உபவாசம் இருக்கிறவர்கள், அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வரிசையில் நிற்கட்டும். தலைமுறைச் சாபத்தைப் பற்றிப் பேசுகிற வாய்கள், தலைமுறையாக வருகிற சாதியைப் பற்றிப் பேசட்டும்.

நோபிலி பதின்மூன்று ஆண்டுகள் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். அருளானந்தர் மரணத்தை நோக்கித் திரும்பி வந்தார். மேரி வர்கீஸ் முப்பத்திரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களை எழுந்து நிற்க வைத்தார். இவர்கள் யாருக்கும் சுவரொட்டி தருகிற வாக்குறுதி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இன்று அவர்களை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தடை உடைந்தால் நன்றி சொல்லுங்கள். உடையாவிட்டால் உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்காதீர்கள், உறுதிமொழி கொடுத்தவரைச் சந்தேகியுங்கள்!